நிறுவனத்தின் பெட்டியும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும்

கேள்வி: எங்கள் வீடு குழித்துறைக்கு அருகில் உள்ளது. கீழ்த்தளம் வெட்டுக்கல்லில் கட்டிய பழைய வீடு. அதன் மேல் பிற்பாடு கான்கிரீட்டில் ஒரு மாடி எடுத்தோம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். நிறுவனத்தார் தந்த பெட்டி வாசலை ஒட்டிய முன்னறைச் சுவரில் இருக்கிறது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மருமகளின் அறை மாடியின் பின்பக்கம் இருப்பதால், அங்கே வைஃபை சரியாக எட்டவில்லை. நாகர்கோவில் கடை ஒன்றில் 3,500 ரூபாய்க்கு ஆறு ஆன்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினேன். இனி நிறுவனத்தின் பெட்டியே தேவையில்லை என்றார் கடைக்காரர். வேறு ரவுட்டர் போட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்கிறார் நிறுவனத்து ஊழியர். மின்பணியாளரை வைத்துக் கேபிள் இழுத்து, பெட்டியிலிருந்து மாடிக்கு இணைத்துவிட்டோம். வேகம் 94-க்கு மேல் ஏறவில்லை; கீழே உள்ள பிரிண்டர் மாடிக் கணினியில் தெரிவதில்லை; அலுவலக வலையோடு இணைய மருமகள் பயன்படுத்தும் விபிஎன் இன்னமும் இடையிடையே அறுந்துபோகிறது. துபாயில் இருக்கும் மகன் வீட்டுச் சிசிடிவியைப் பார்க்க முடியவில்லை என்கிறான். அதற்கு ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வேண்டும் என்கிறார் கேமரா பொருத்தியவர். நிறுவனத்தின் பெட்டியை அகற்றிவிட்டு எங்கள் ரவுட்டரை மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். பெட்டியை அகற்ற முடியாது. அகற்ற வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. உங்கள் கடிதத்தில் நான்கு குறைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, பெட்டியும் ரவுட்டரும் ஒரே வேலையைப் போட்டி போட்டுச் செய்வதால் வருபவை. ஒன்று அனேகமாகக் கேபிளிலோ அது செருகிய துளையிலோ இருக்கிறது. மற்றொன்றுக்கும் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை.

பெட்டியை ஏன் கழற்ற முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. அந்த ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். அது நிறுவனத்தின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கடையில் நீங்கள் வாங்கிய ரவுட்டரில் அந்த இழையைச் செருகுவதற்கான துளையே இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒரே இழை வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் போகும். உள்ளே வரும் திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், வெளியே போகும் திசையில் ஏறத்தாழ 1.25 கிகாபிட் என்ற மொத்தக் கொள்ளளவை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கப்பட்ட நொடித்துணுக்கில் மட்டுமே ஒளியை அனுப்ப வேண்டும். ஒரு பெட்டி முறை தவறினால் பக்கத்து வீடுகளின் இணைப்பும் சேர்ந்து கெடும். ஆகவேதான் நிலையத்தில் வரிசை எண் பதிவான பெட்டிக்கு மட்டுமே இடம் தருகிறார்கள். இணையத்தில் வேறொரு ஓஎன்டி வாங்கிச் செருகினாலும், நிறுவனம் அதன் எண்ணைப் பதிவு செய்யாதவரை அதனால் பயன் இல்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், சொந்தக் கருவியை வைத்துக்கொள்ளும் உரிமையை வாடிக்கையாளருக்குச் சட்டமே வழங்குகிறது. நாம் நிறுவனத்தின் சம்மதத்தோடுதான் எதையும் செய்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டி ஒளியை மாற்றுவதோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குவது, அத்தனை கருவிகளையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்திப் போக்குவரத்தை நடத்துவது, வைஃபை பரப்புவது ஆகிய வேலைகளையும் அதுவே செய்கிறது. நீங்கள் வாங்கிய ரவுட்டரும் பிறவியிலேயே இந்த மூன்றையும் செய்யக்கூடியதுதான். இரண்டையும் கேபிளால் இணைத்துவிட்டு வேறு எதையும் மாற்றாமல் விட்டதால், ஒரே தெருவுக்கு இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாகக் கதவு எண் ஒட்டிய நிலைமை உங்கள் வீட்டில் ஏற்பட்டிருக்கிறது. பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும், ரவுட்டர் அனேகமாக 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளையும் கொடுத்துக்கொண்டிருக்கும். தொழில் வழக்கில் இதை டபுள் நேட் என்போம். கீழே உள்ள பிரிண்டர் பெட்டியின் வைஃபையில் இருக்கிறது. மாடிக் கணினி ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன் என்று பிரிண்டர் விடும் அறிவிப்பு தன் வலைக்குள் மட்டுமே கேட்கும். ரவுட்டரைத் தாண்டி மாடிக்கு ஏறாது. செல்பேசியிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்பிப் பாருங்கள், அதுவும் இதே காரணத்தால் நடக்காது. டபுள் நேட் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய ஆபத்தென்று அஞ்ச வேண்டாம். செய்தி படிப்பதற்கும், படம் பார்ப்பதற்கும், பெரும்பாலான விபிஎன்களுக்கும் அதனால் இடையூறு வராது. வீட்டுக்குள் ஒரு கருவி இன்னொரு கருவியைத் தேடும்போதும், வெளியிலிருந்து யாராவது உள்ளே வர முயலும்போதும்தான் அது குறுக்கே நிற்கும்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முகவரி வழங்கும் வேலையைப் பெட்டியிடமே விட்டு, ரவுட்டரை வெறும் வைஃபை பரப்பும் கருவியாக்குவது ஒன்று. இதற்கு ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று பெயர். பெட்டியை ஒளி மாற்றும் வேலையோடு நிறுத்திவிட்டு, மற்ற அனைத்தையும் ரவுட்டரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. இதற்குப் பிரிட்ஜ் மோடு என்று பெயர். உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது முதல் வழியைத்தான். நிறுவனத்தின் தயவு இல்லாமல் நீங்களே அரைமணி நேரத்தில் செய்துகொள்ளலாம் என்பதும், பிடிக்காவிட்டால் ரவுட்டரை ரீசெட் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்பதும் அதற்குக் காரணங்கள்.

செய்யும் முறை இது. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் இடையிலான கேபிளை முதலில் கழற்றுங்கள். செல்பேசியையோ மடிக்கணினியையோ ரவுட்டரின் வைஃபையில் மட்டும் இணைத்து, ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரவுசரில் திறந்து உள்ளே செல்லுங்கள். ஆபரேஷன் மோடு என்றோ, வொர்க்கிங் மோடு என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் ஆக்சஸ் பாயின்ட் என்பதைத் தேர்ந்து சேமித்தால், ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். பிறகு பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை மீண்டும் இணையுங்கள். இப்போது மாடியில் உள்ள கருவிகளும் கீழே உள்ளவற்றைப் போலவே 192.168.1 என்று தொடங்கும் முகவரியைப் பெற்றிருந்தால் வேலை முடிந்தது, பிரிண்டரும் தெரியும். விலை குறைந்த சில ரவுட்டர்களில் இந்த மோடு இருக்காது. உங்களுடையதும் அப்படி இருந்தால், அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி வழங்கும் டிஎச்சிபி என்பதை அணைத்து, பெட்டியிலிருந்து வரும் கேபிளை வேறு நிறத்தில் தனித்திருக்கும் வேன் துளையில் செருகாமல் நான்கு லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள்; பலன் ஒன்றுதான். பெட்டியின் முகவரி 192.168.1.1 என்ற கணக்கில் இதைச் சொல்கிறேன். ஜியோவின் பெட்டியாக இருந்தால் 192.168.29.1 என்று இருக்கும். அதற்கேற்ப மூன்றாம் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். புதிய முகவரியை ரவுட்டரின் மேலேயே ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு உள்ளே நுழைய அது இல்லாமல் முடியாது.

இந்த மோடுக்கு மாறியதும், குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, விருந்தினருக்கான தனி வைஃபை போன்ற சில வசதிகள் ரவுட்டரில் செயலிழக்கக்கூடும். அவை முக்கியமென்று கருதுபவர்கள்தான் பிரிட்ஜ் வழியை யோசிக்க வேண்டும்.

அடுத்தது மருமகளின் விபிஎன். அவருடைய மடிக்கணினி இன்னமும் கீழே உள்ள பெட்டியின் பழைய வைஃபை பெயரை நினைவில் வைத்திருக்கும். ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும், கீழிருந்து வரும் மெலிந்த சமிக்ஞையைச் சில வேளைகளில் அது பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும். காணொளிக் கூட்டத்தின் நடுவே அந்தச் சமிக்ஞை விழும்போது விபிஎன் அறுகிறது என்றே நினைக்கிறேன். வேலைக்குரிய கணினியை வைஃபையில் வைக்கவே வேண்டியதில்லை. ரவுட்டரின் லேன் துளையிலிருந்து இரண்டு மீட்டர் கேபிளை நேரே மடிக்கணினியில் செருகி, அதில் வைஃபையை அணைத்துவிடச் சொல்லுங்கள். மற்றவர்களுடைய செல்பேசிகளுக்காக, பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றொன்றுக்குச் சேனல் 11 என்று பிரித்துவையுங்கள். வயரில் இணைத்த பிறகும் விபிஎன் அறுந்தால், பெட்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு அந்த நேரத்தில் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் பழுது இழையில் இருக்கிறது, நிறுவனம்தான் வர வேண்டும். மின்னாவிட்டால் அவருடைய அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் எம்டியூ, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் பேரளவைக் குறைத்துப் பார்க்கச் சொல்லலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறை இணைப்புகளில் இந்தப் பேரளவு 1500-க்குப் பதில் 1492 பைட்டாகக் குறைவதால், சில விபிஎன்கள் தடுமாறுவதுண்டு.

ஆறு ஆன்டெனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசின் வரம்பு உண்டு. ஆன்டெனாவை எண்ணி எட்டும் தூரத்தைக் கணக்கிட முடியாது. மழைக்காலத்தில் ஈரம் ஊறிய வெட்டுக்கல் சுவரையும், அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் ஊடுருவிப் பின்னறை வரை போகும் வைஃபை எந்த விலைக்கும் கிடைக்காது. கேபிள் இழுத்து மாடியிலேயே ஒரு கருவியை வைத்ததுதான் நீங்கள் செய்தவற்றில் மிகச் சரியான காரியம்.

அந்தக் கேபிளிலேயே ஒரு குறையும் இருக்கக்கூடும். நீங்கள் எழுதியிருக்கும் 94 என்ற எண்ணைக் கண்டதும் எனக்குக் காரணம் பாதி புரிந்துவிட்டது. நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கடத்தும் இணைப்பில், இதரச் செலவு போக நமக்குக் கையில் கிடைப்பது 94, 95 அளவுதான். ஆகவே பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் கிகாபிட் வேகம் 100 ஆகக் குறைந்திருக்கிறது. நிறுவனங்கள் தரும் சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே கிகாபிட் வேகமுள்ளது, மற்றவை 100 மட்டுமே. துளைகளின் அருகில் ஜிஇ (கிகாபிட்), எஃப்இ (100) என்று எழுதியிருந்தால் ஜிஇ என்பதில் செருகுங்கள். உங்கள் ரவுட்டரின் துளைகள் கிகாபிட்தானா என்பதையும் அட்டைப்பெட்டியில் பாருங்கள். ஆறு ஆன்டெனா வைத்துவிட்டுத் துளையில் 100-ஓடு நிறுத்திக்கொண்ட ரவுட்டர்களும் சந்தையில் இருக்கின்றன. இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி கேபிள்தான். அதனுள் நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். ஆகவே மற்ற நான்கில் ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியாமல் போனாலும் இணைப்பு நிற்காது, வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனைகளை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்தால் (அழுத்திப் பொருத்தினால்) அனேகமாகச் சரியாகிவிடும். அப்போதே, வெட்டி எடுத்த துண்டிலுள்ள ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் நல்லது. வெள்ளி போல் வெளுத்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். குளச்சல், மண்டைக்காடு போன்ற கடலோரங்களின் உப்புக்காற்றில் அதன் முனைகள் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். உங்கள் ஊர் கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தாலும், முழுச் செம்புக் கேட்-6 கேபிளாக ஒருமுறை மாற்றிவிடுவதையே சொல்வேன். மின்வயர் போகும் அதே குழாயில் அதை இழுக்க விடாதீர்கள்.

பிரிட்ஜ் மோடு வேண்டும் என்று என்றாவது தோன்றினால், நிறுவனத்திடம் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பிபிபிஓஇ பயனர் பெயர், அதன் கடவுச்சொல், ஒரே இழையில் வரும் இணையம், குரல் போன்றவற்றைப் பிரித்தறிய நிறுவனம் தரும் விலான் எண். விலான் எண் இடத்துக்கு இடம் மாறும். திங்கள்சந்தையில் நண்பருக்கு வேலை செய்த எண் உங்களுக்கும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பெட்டியோடு தொலைபேசியும் இணைந்திருந்தால், இணையத்துக்கான இணைப்பை மட்டும் பிரிட்ஜில் போட்டு, குரலுக்கான இணைப்பைத் தொடாமல் விடும்படி குறிப்பாகச் சொல்லுங்கள். இல்லையெனில் போன் ஊமையாகிவிடும். பெட்டியிலும் ரவுட்டரிலும் ஒரே பயனர் பெயரை உள்ளிட்டு வைப்பதும் கூடாது. அனேக நிறுவனங்கள் ஒரு பெயருக்கு ஒரு நுழைவு மட்டுமே அனுமதிப்பதால், இரண்டும் ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் செய்த பிறகு, நிறுவனம் தன் நிலையத்திலிருந்தே பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒருநாள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். சில நிறுவனங்கள் பிரிட்ஜ் மோடு தருவதே இல்லை.

இனிச் சிசிடிவி. இது உங்கள் ரவுட்டரால் வந்த வினை இல்லை. பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும். கூகுளில் என் ஐபி என்ன என்று தேடினால் வரும் தளங்கள் காட்டும் நான்கு பகுதி எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வெவ்வேறாக இருந்து, பெட்டியில் உள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான ஏதேனும் ஒன்றிலோ தொடங்கினால், உங்களோடு வேறு பல வீடுகளையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுவனம் நிறுத்தியிருக்கிறது என்று பொருள். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு 2012-இல்தான் இந்த 100.64 வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அத்தகைய இணைப்பில், துபாயிலிருந்து உங்கள் மகன் தட்டும் கதவு நிறுவனத்தின் நிலையத்திலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து வருவதை உள்ளே விட நீங்கள் ரவுட்டரில் போர்ட் திறப்பதால் பயன் இல்லை. கேமரா பொருத்தியவர் கேட்கும் ஸ்டேட்டிக் ஐபி அதைத் தீர்க்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தனிக்கட்டணம் உண்டு. அதற்கு முன்னால், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் உங்கள் டிவிஆரின் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்ற பகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை இயக்கிவிட்டு, திரையில் வரும் கியூஆர் குறியை அந்த நிறுவனத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால், டிவிஆரே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. எப்படிச் செய்தாலும் டிவிஆரின் ஆரம்பக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களையே முடக்கியது.

இடி மின்னலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் சித்திரை வெயிலுக்குப் பிறகும் ஐப்பசியிலும் மாலைதோறும் இடிக்கும் நம் மாவட்டத்தில் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பெட்டியின் அடாப்டரும் மாடிக்குப் போகும் செம்புக் கேபிளும் கடத்தும். முன்பு பெட்டி மட்டும் போகும் இடத்தில், இப்போது பெட்டி, ரவுட்டர், மருமகளின் மடிக்கணினி மூன்றும் ஒரே கம்பியில் கோத்து நிற்கின்றன. இடி நெருங்கும்போது இரண்டு அடாப்டர்களையும் பிளக்கிலிருந்து உருவி, பெட்டியின் பக்கம் உள்ள லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பச்சை முனையுள்ள இழையை மட்டும் தொட வேண்டாம்: அதன் நுனியில் தூசு படிந்தாலே சமிக்ஞை குறையும், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி வருவதால் உள்ளே உற்றுப் பார்ப்பதும் ஆகாது. மின்தடைக்கென மினி யூபிஎஸ் வாங்கினால் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒவ்வொன்று வேண்டும். ஒன்று 12 வோல்ட், மற்றொன்று 9 வோல்ட் என்று இருக்கக்கூடும் என்பதால், அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாங்கள் பொறுப்பல்ல என்று ஊழியர் சொன்னது உங்கள் ரவுட்டரைப் பொறுத்தவரை சரி. இணைப்பைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு செல்லாது. புகார் செய்வதற்கு முன், ரவுட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு மடிக்கணினியைப் பெட்டியின் கிகாபிட் துளையில் நேரே செருகி வேகத்தை அளந்து, திரையைப் படமெடுத்து வையுங்கள். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால், உங்கள் ரவுட்டர் பழி சுமக்க வேண்டியதில்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார்த் தீர்வு விதிமுறைகளின்படி, புகார் மையத்தில் தீராததை அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொண்டுபோகலாம். என்றைக்காவது நிறுவனத்தை மாற்றும்போது பழைய பெட்டியை அவர்கள் திரும்பக் கேட்பார்கள், முன்பணம் கட்டியிருந்தால் அதைப் பிடித்தும் வைப்பார்கள்; ஆகவே பெட்டியையும் அதன் அடாப்டரையும் ஒப்படைக்கும்போது, வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.